புதுப்பிப்பு: புள்ளியும் பற்றுச்சீட்டும் சேராத விவகாரம்

கோலாலம்பூர் செந்தூலில் நான் வழக்கமாகப் போகும் பேரங்காடியைப் பற்றிப் போன வாரம் எழுதியிருந்தேன். 108 ரிங்கிட்டுக்குச் சாமான். உறுப்பினர் புள்ளிகளில் 10 ரிங்கிட் கழித்ததும், 100 ரிங்கிட்டுக்கு மேல் வாங்குவோருக்கு 15 ரிங்கிட் தள்ளுபடி தரும் பற்றுச்சீட்டு செல்லாது என்றார்கள். பிறகு என்ன ஆயிற்று என்று கேட்டவர்களுக்காக இது.

மேலாளரைப் பார்த்தேன். தன்மையான மனிதர்தான், ஆனால் கணினி சொல்வதே அவருக்கு வேதவாக்கு. புள்ளிகளை அவர்கள் பணமாகக் கருதுவதில்லையாம், விலைக்குறைப்பாகவே கருதுகிறார்களாம். பில் 98 ஆனதும் பற்றுச்சீட்டின் வரம்பு தவறிவிடுகிறது. "முதலில் பற்றுச்சீட்டைக் கழித்துவிட்டு, மிச்சத்தில் புள்ளியை எடுங்களேன்" என்றேன். "அந்த வரிசைக்கு இயந்திரம் இடம் கொடுக்காது, அக்கா" என்றாள் கல்லாவில் இருந்த பெண்.

இரண்டும் சேராது என்றால் அதைச் சீட்டிலேயே அச்சிட என்ன தடை? "நிபந்தனைகளுக்கு உட்பட்டது" என்ற ஒரு வரிதான் இருக்கிறது, அதுவும் எறும்பு அளவில்.

பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போகச் சிலர் சொன்னீர்கள். 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்படி 50,000 ரிங்கிட் வரை அங்கே கோரலாம், கட்டணமும் 5 ரிங்கிட்தான். 15 ரிங்கிட்டுக்காக விடுப்பு எடுக்க எனக்கு மனமில்லை. இப்போதைக்குப் புள்ளிக்கு ஒரு பில், பற்றுச்சீட்டுக்கு ஒரு பில் என்று பிரித்து வாங்குகிறேன். பின்னால் நிற்பவர்கள் முறைக்கிறார்கள்.

தலைமை அலுவலகத்துக்கும் எழுதினேன். மன்னிப்புக் கடிதத்தோடு புதிய பற்றுச்சீட்டு வந்திருக்கிறது. 150 ரிங்கிட்டுக்கு மேல் வாங்கினால்தான் செல்லுமாம்.