ஒன் டென், ஒன் டூ ஒன்: நான் கண்ட கொரோலாக்கள்

கொழும்பிலை கார்ப் பாட்ஸ் விக்கிற பஞ்சிகாவத்தையிலை போய் "டொயோட்டா கொரோலாவுக்குப் பாட்ஸ் வேணும்" எண்டு கேட்டால் கடைக்காரர் நிமிர்ந்தும் பாக்கமாட்டார். "செஸி நம்பர்?" எண்டுதான் கேப்பார். முதல்தரம் எனக்கு விளங்கேல்லை. திரும்பப் போய் பொனற்றைத் திறந்து, எஞ்சினுக்குப் பின்பக்கத் தகட்டிலை அடிச்சிருந்ததைப் படமெடுத்துக் காட்டினன். ஏஈ110. "ஆ, ஒன் டென்" எண்டிட்டு உடனை உள்ளை போனார்.

அந்த எழுத்துக்குள்ளைதான் முழுக் கதையும் கிடக்கு. 'ஈ' கொரோலாவின்ரை குறி. அதுக்கு முன்னாலை நிக்கிறது எஞ்சின் குடும்பம், பின்னாலை வாற இலக்கம் தலைமுறை. அப்பா வைச்சிருந்தது கேஈ70, அதாவது கே எஞ்சின். காலமையிலை சோக் இழுக்காமல் ஸ்டார்ட் வராது. 1979இலை வந்த அந்த எழுபதோடை பின்சில்லு இழுக்கிற கொரோலா செடான் முடிஞ்சுது. 1983இலை வந்த எண்பது முன்சில்லு. (அந்த வரிசையிலை 85, 86 கூபே மட்டும் பழையபடி பின்சில்லு. இண்டைக்கு 86க்கு இருக்கிற மவுசு அதாலைதான்.)

என்ரை ஒன் டென் ஒருநாள் மாங்குளம் தாண்டி நிண்டிட்டுது. சத்தம் ஒண்டும் இல்லை. திறப்பைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் வழமையைவிட வேகமாய், பாரமே இல்லாத மாதிரிச் சுத்துது. ரைமிங் பெல்ற், அதாவது வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூடவைக்கிற பெல்ற், அறுந்திட்டுது. ஒரு லட்சம் கிலோமீற்றரிலை மாத்தவேண்டியதை நான்தான் இழுத்தடிச்சனான், பிழை என்ரைதான். வால்வெல்லாம் வளைஞ்சிருக்கும், எஞ்சின் முடிஞ்சுது எண்டு நினைச்சன். கராஜிலை புதுப் பெல்ற் போட்டுக் குறியைப் பொருத்தினதும் ஸ்டார்ட் வந்திட்டுது! அந்த 5ஏ எஞ்சினிலை பெல்ற் அறுந்தாலும் பிஸ்டன் வால்விலை முட்டாது எண்டு அண்டைக்குத்தான் தெரிஞ்சுகொண்டன்.

பிறகு ஒன் டூ ஒன் (121) வாங்கினன், 2000இலை வந்த தலைமுறை. பட்ட பாட்டிலை முதல் கேட்டதே "பெல்ற் எப்ப மாத்தினது?" மெக்கானிக் சிரிச்சார். "அண்ணை, இது என்இசட் எஞ்சின், பெல்ற் இல்லை, செயின்." பொனற்றைத் திறந்து பாத்தால் எல்லாம் தலைகீழ். முன்னுக்கு இருந்த எக்ஸோஸ்ட் பின்னுக்குப் போட்டுது, பிளக்குகளுக்குக் கரண்ட் பிரிச்சுக் குடுக்கிற டிஸ்ரிபியூட்டரைக் காணேல்லை, ஒவ்வொரு பிளக்குக்கும் மேலை ஒரு கொயில் குந்தியிருக்கு. வெளியிலை பாக்கேக்கை விளக்கும் பம்பரும்தான் மாறினமாதிரி இருக்கும். எனக்கெண்டால், எழுபதுக்குப் பிறகு பெரிய பாய்ச்சல் இதுதான்.

மச்சான் வைச்சிருக்கிறது 141 அக்ஸியோ, 2006இலை வந்த உடம்பு. பின்கமெரா இருக்கு, கியர் சிவிடி, படிபடியாய் மாறாத ஓட்டோ கியர். "உங்கடை பழசு" எண்டு எந்த நாளும் நக்கல். போன கிழமை ரெண்டு பொனற்றையும் பக்கத்திலை பக்கத்திலை திறந்துவிட்டுத் தகட்டைக் காட்டினன். ரெண்டிலையும் என்இசட்ஈ. கொஞ்சநேரம் பாத்துக்கொண்டு நிண்டிட்டு, "கமெரா இல்லையே" எண்டார்.