இரகசியம் காப்பேன் என்ற வாக்கு எதுவரை?

களப்பணி மாணவி:
வணக்கம். முதுநிலை சமூகப்பணி படிக்கிறேன். களப்பணியில் சந்தித்த 15 வயதுச் சிறுமி, உறவினர் ஒருவர் தன்னிடம் பாலியல் அத்துமீறலில் ஈடுபட்டதைத் துப்பட்டா நுனியை முறுக்கியபடியே சொல்லிவிட்டு, "யார்கிட்டயும் சொல்லிடாதீங்க அக்கா" என்று கெஞ்சினாள். இரகசியம் காப்பது நம் தொழில் அறம் அல்லவா?

மறுமொழி 1:
அறமே. ஆனால் இத்தகைய குற்றத்தை அறிந்த எவரும் சிறப்புச் சிறார் காவல் பிரிவிலோ உள்ளூர்க் காவல் நிலையத்திலோ தெரிவித்தே ஆக வேண்டும் என்று சிறாரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு கூறுவதால், மௌனம் காக்க உங்களுக்கு உரிமை இல்லை.

மறுமொழி 2:
சரி. எனினும் யாரிடம், ஏன் சொல்கிறோம் என்பதை அவளிடம் முதலில் விளக்குங்கள். அவளுடைய மதிப்பைக் காப்பதும் அறம்தான். இரகசியம் காப்பதன் எல்லையைச் சொல்லாமல் வாக்குக் கொடுப்பது நம்மில் பலர் (நான் உட்பட) செய்த பிழை.

களப்பணி மாணவி:
நன்றி ஐயா. அந்த வாக்கை நானும் கொடுத்துவிட்டேன். பொறுப்பாசிரியரை இப்போதே அழைக்கிறேன்.