இலை வெள்ளை, வானம் கறுப்பு: புற ஊதாப் படத்துக்கு லென்ஸை மாற்ற வேண்டுமா?

அடும்பங்கொடி கேட்கிறார்:

உச்சிப்புளிக்காரன் நான். தேனீயின் கண்ணுக்குப் பூ எப்படித் தெரியும் என்று பார்க்கும் ஆசையில் ஆறு மாதமாகப் பணத்தைக் கரைத்துக்கொண்டிருக்கிறேன். பழைய டிஎஸ்எல்ஆர் ஒன்றில் சென்சாருக்கு முன்னால் இருந்து புற ஊதாவையும் அகச்சிவப்பையும் தடுக்கும் கண்ணாடியை எடுக்கச் சொல்லி, முழு நிறமாலைக் கேமராவாக மாற்றிக்கொண்டேன். பிறகு கடையில் ‘யுவி ஃபில்டர்’ என்று கேட்டு வாங்கினேன். அது புற ஊதாவைத் தடுக்கும் கண்ணாடி என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. சிரித்துவிட்டு மேலே படியுங்கள்.

இப்போது இருப்பது புற ஊதாவை உள்ளே விடும் இசட்டபிள்யூபி2 என்ற கறுப்புக் கண்ணாடி, 2 மி.மீ. தடிமன். லென்ஸ், கேமராவோடு வந்த 18-55. நேற்று தனுஷ்கோடியில் அரிச்சல்முனைக்குச் சற்று முன்னால் மணலில் படர்ந்திருந்த அடும்பை எடுத்தேன். இலையெல்லாம் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெள்ளை. வானம் ஏறக்குறைய கறுப்பு. பூவில் ஒரு கோலமும் இல்லை, ஒரே வெளிறல். 1/60 நொடி, எஃப்/8, ஐஎஸ்ஓ 400.

லென்ஸ்தான் குற்றவாளியா? புற ஊதாவுக்கென்றே செய்த யுவி-நிக்கோர் 105 லென்ஸை வாங்கு என்கிறார்கள். அந்த விலைக்கு ஒரு வள்ளமே வாங்கிக் கடலுக்குப் போய்விடலாம்.

கச்சான்:

வள்ளத்தையும் வாங்க வேண்டாம், லென்ஸையும் வாங்க வேண்டாம். நீங்கள் எடுத்தது புற ஊதாப் படமே இல்லை, அகச்சிவப்புப் படம். 1/60 என்று எழுதியபோதே தெரிந்துவிட்டது. அந்த லென்ஸ் வழியாகப் புற ஊதா அவ்வளவு தாராளமாக வந்து சேராது.

பச்சை இலை அகச்சிவப்பில் வெள்ளையாகவும் புற ஊதாவில் இருளாகவும் தெரியும். வானம் இதற்கு நேர்மாறு: அகச்சிவப்பில் கறுக்கும், புற ஊதாவில் வெளுக்கும். உங்கள் படத்தில் இரண்டும் ஒரே பக்கம்தான் கை காட்டுகின்றன.

காரணம் அந்தக் கறுப்புக் கண்ணாடி. இசட்டபிள்யூபி2, யுஜி1, யு-360 எல்லாம் ஒரே குடும்பம். புற ஊதாவில் 365 நானோமீட்டர் பக்கம் ஒரு கதவைத் திறந்துவிட்டு, அகச்சிவப்பில் 700-க்கு மேல் சன்னலையும் திறந்து வைத்திருக்கும். சிலிக்கான் சென்சாருக்கு 720-இல் இருக்கும் உணர்திறன் 365-இல் இல்லை. அதனால் சன்னல் வழியாக வருவதுதான் படத்தை நிரப்புகிறது.

உறுதி செய்துகொள்ள, இதே ஃபில்டரின்மேல், அகச்சிவப்பை மட்டும் விடும் 720 ஃபில்டரையும் மாட்டி, அதே அளவுகளில் இன்னொரு படம் எடுங்கள். கசிவு இல்லையென்றால் இருட்டுதான் வர வேண்டும்.

பாம்பன்_பாலத்தடி:

அகச்சிவப்பைத் தடுக்க ‘யுவி-ஐஆர் கட்’ என்று மலிவாகக் கிடைக்கிறதே, அதை முன்னால் மாட்டினால் போதாதா?

கச்சான்:

போதாது. பெயரிலேயே இருக்கிறது, அது இரண்டையும் வெட்டிவிடும். கறுப்புக் கண்ணாடியோடு சேர்த்தால் எஞ்சுவது ஒன்றுமில்லை. வேண்டியது எஸ்8612 அல்லது பிஜி39 வகை நீலப்பச்சைக் கண்ணாடி, 2 மி.மீ. அது அகச்சிவப்பைப் பிடித்துக்கொண்டு புற ஊதாவில் பெரும்பகுதியை விட்டுவிடும். பணம் இருந்தால் பாடர் யு என்ற ஃபில்டர் ஒன்றே இரண்டு வேலையையும் செய்யும். 350-ஐ ஒட்டிய புற ஊதாவை நன்றாக விடும்.

நம் கரைக்கு ஓர் எச்சரிக்கை. பிஜி39 வகைக் கண்ணாடி ஈரத்துக்கு ஆகாது. என்னுடையது ஒரே மழைக்காலத்தில் பூத்துப்போய்விட்டது. துடைத்தாலும் போகாத மங்கல். சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பாவில் வையுங்கள். தனுஷ்கோடியிலிருந்து திரும்பியதும் பையோடு போட்டுவிடாதீர்கள்.

இருட்டறைக்காரர்:

தம்பி, லென்ஸ் விஷயத்தில் நான் ஒன்று சொல்கிறேன். முப்பது வருடம் ஸ்டுடியோவில் பிரிண்ட் போட்டவன். இப்போதைய 18-55-இல் கண்ணாடித் துண்டுகள் அதிகம், ஒவ்வொன்றின்மேலும் பல அடுக்குப் பூச்சு. புற ஊதாவில் 400 நானோமீட்டரை ஒட்டிய விளிம்பு மட்டும்தான் கடந்து வரும். துண்டும் குறைவு, பூச்சும் குறைவு, அப்படிப்பட்ட பழைய லென்ஸைத் தேடுங்கள். பழைய உலோக உடல் கொண்ட எல்-நிக்கோர் 80 மி.மீ. எஃப்/5.6 இதற்குப் பேர்போனது. என்லார்ஜர் லென்ஸ்தான், நெகட்டிவைப் பெரிதாக்கிப் பிரிண்ட் போடும் கருவியில் இருப்பது. ராமநாதபுரத்திலும் பரமக்குடியிலும் மூடிய ஸ்டுடியோக்களின் பரணில் ஏதாவது ஒரு என்லார்ஜர் தூங்கிக்கொண்டிருக்கும், கேட்டுப்பாருங்கள். ஃபோகஸ் வளையம் அதில் இராது. லென்ஸை முன்னும் பின்னும் நகர்த்தும் ஹெலிகாய்டு என்ற திருகு வளையம் ஒன்று தனியாக வாங்கிப் பொருத்த வேண்டும்.

எது கிடைத்தாலும் வாங்குமுன் சோதிக்கலாம். கேமரா மூடியில் ஊசித்துளை போட்டு, ஃபில்டரோடு ஒரு படம் எடுங்கள். துளையில் கண்ணாடி இல்லை, ஆகவே அது எதையும் விழுங்காது. அந்தப் படத்தின் நிறத்தோடு லென்ஸ் படத்தின் நிறத்தை ஒப்பிட்டால் லென்ஸ் எவ்வளவு விழுங்குகிறது என்பது தெரிந்துவிடும்.

வெயில் பத்து மணியிலிருந்து இரண்டு மணிக்குள் இருக்கட்டும். மாலைப் பொன்னொளி கல்யாண ஆல்பத்துக்கு அழகு. அதில் புற ஊதா மிகவும் குறைவு. இன்னொன்று: கறுப்பு ஃபில்டர் மாட்டியிருக்கிறது என்ற தைரியத்தில் வியூஃபைண்டர் வழியாகச் சூரியனைப் பார்த்துவிடாதீர்கள். கண்ணுக்குத் தெரியாததுதான் உள்ளே வருகிறது.

அடும்பங்கொடி:

மூன்று வாரம் கழித்து வருகிறேன். 720 சோதனையில் படம் பளிச்சென்று வந்தது, மானம் போனது. நீலப்பச்சைக் கண்ணாடி வந்ததும் 18-55-இல் 8 நொடி வைத்தும் மங்கல்தான். பரமக்குடியில் ஒரு பழைய ஸ்டுடியோவில் ஐயா சொன்ன அதே 80 கிடைத்தது. வீட்டுத் தொட்டியிலிருந்த சூரியகாந்தியை எடுத்தேன், ஐஎஸ்ஓ 800, அரை நொடி. நாம் முழு மஞ்சளாகப் பார்க்கும் இதழின் அடிப்பாகம் கறுப்பு, நுனி வெளிச்சம். நடுவில் ஒரு கரிய வட்டம். இலை இருண்டுவிட்டது. அரை மணி நேரம் அந்தத் தொட்டியையே சுற்றிக்கொண்டிருந்தேன்.

இன்னும் இரண்டு சிக்கல். எல்லாம் ஊதாவும் சிவப்புமாக இருக்கிறது, வெள்ளைச் சமநிலையை எதை வைத்து எடுப்பது? வெள்ளைத் தாள் சரிவரவில்லை. அடுத்தது அடும்பு: அரை நொடிக்கு அது அசையாமல் இருந்தால்தானே!

கச்சான்:

தாளை விடுங்கள், பல வெள்ளைப் பொருள்கள் புற ஊதாவை விழுங்கும். குழாய் மரைக்குச் சுற்றும் டெஃப்லான் டேப் அதை நன்றாகத் திருப்பி அனுப்பும். அட்டையில் ஏழெட்டுச் சுற்றுச் சுற்றி, பூவுக்குப் பக்கத்தில் வைத்து ஒரு ரா படம் எடுங்கள். கணினியில் அதைத் தொட்டுச் சமநிலை வையுங்கள்.

காற்றுக்கு என் பெயரையே குற்றம் சொல்ல வேண்டியிருக்கிறது. கச்சான் அடிக்கும் மாதங்களில் தனுஷ்கோடி மணலில் அரை நொடி என்பது வீண் வேலை. அது ஓய்ந்த பிறகு போங்கள். அதுவரை ஒரு கொடியைத் தொட்டியில் வளர்த்துப் பாருங்கள், மணலும் வெயிலும் இருந்தால் பிடித்துக்கொள்ளும்.

அடும்பங்கொடி:

டேப் வாங்கியாயிற்று. ஹார்டுவேர் கடைக்காரர் “எங்கே தம்பி கசிவு?” என்றார். கேமராவில் என்று சொன்னேன். மீதிச் சில்லறையை எண்ணிக் கொடுக்கும்வரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.