எல்க் வேட்டைக்கு உருண்டைக் குண்டு போதுமா? (54 காலிபர், கேப் அடித்துத் தீப்பற்றும் பெர்கஷன் வகை)

டென்வர்வாசி:
வணக்கம். கொலராடோவில் செப்டம்பர் மஸில்லோடர் (குழல் வாய்வழியாக மருந்தும் குண்டும் இடும் துப்பாக்கி) சீசனுக்கு இந்த வருஷம் குலுக்கலில் எனக்கு எல்க் என்னும் பெரிய மானைச் சுட அனுமதி கிடைத்திருக்கிறது. நான்கு வருஷமாக நவீன ரைபிளில் மான் வேட்டைக்குப் போகிறேன், கருமருந்து (பழைய வகைத் துப்பாக்கி மருந்து) மட்டும் புதிது. கையில் இருப்பது பழைய காலத்து ஹாக்கன் ரைபிள் மாதிரியில் செய்த 54 காலிபர் (குழல் உள்விட்டம் 0.54 அங்குலம்) ரைபிள், பழையதாக வாங்கினேன். துணி சுற்றிய உருண்டை ஈயக்குண்டு, 90 கிரெய்ன் (சுமார் ஆறு கிராம்) மருந்து. 50 கஜத்தில் ஐந்து குண்டும் உள்ளங்கை அகலத்துக்குள் விழுகின்றன. 100 கஜத்தில் சிதறுகிறது. 300 கிலோ எடையுள்ள ஆண் எல்க்கை இது வீழ்த்துமா? எவ்வளவு தூரம் வரை நம்பலாம்?

ஈயவார்ப்பு:
உருண்டையை விடுங்கள். கூம்புக் குண்டு போடுங்கள். உங்கள் உருண்டை 224 கிரெய்ன் இருக்கும்; கூம்பு அதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு எடை. 100 கஜம் கவலையே இல்லை.

கன்னிசன்:
தம்பி, கூம்பு வாங்கும் முன் குழலுக்குள் குண்டைச் சுழற்ற வெட்டிய பள்ளங்களின் முறுக்கைப் பாருங்கள். ஹாக்கன் மாதிரிகளில் பலவற்றுக்கு 60 அங்குலத்துக்கு ஒரு சுற்று, 66-க்கு ஒரு சுற்று என்று மெதுவான முறுக்குத்தான் இருக்கும். அது உருண்டைக்காகவே வெட்டியது. அதில் நீளமான கூம்பைப் போட்டால் போதிய சுழற்சி கிடைக்காமல் குண்டு தடுமாறும். குண்டைத் திணிக்கும் கோலில் இறுக்கமான துணியை மாட்டிக் குழலுக்குள் விடுங்கள். கோலில் ஒரு கோடு போட்டு, மெல்ல வெளியே இழுத்தால் கோல் தானாகத் திரும்பும். பாதிச் சுற்றுக்கு எத்தனை அங்குலம் என்று அளந்து இரண்டால் பெருக்குங்கள்.

உருண்டை போதும், நெடுந்தூரத்துக்குத்தான் போதாது. உருண்டை கிளம்பிய வேகத்தில் மூன்றில் ஒரு பங்கை 100 கஜத்துக்குள்ளேயே இழந்துவிடும். என் எல்லை 70 கஜம். இதை நான் கற்ற விதம் இன்னும் மனதை அறுக்கிறது. 2013-இல் கொலராடோவின் கன்னிசன் ஊருக்கு மேலே மலையில், ஆஸ்பென் மரங்களின் ஓரத்தில் ஒரு ஆண் எல்க் பக்கவாட்டில் நின்றது. 110 கஜம் இருக்கும். சுட்டேன். புகை விலகியபோது அது காட்டுக்குள் போய்க்கொண்டிருந்தது. குண்டு மறுபக்கம் வெளியே வரவில்லை போலும், தரையில் ரத்தம் மிகக் குறைவு. இருட்டும் வரை, மறுநாள் மதியம் வரை முழங்காலில் தேடினேன். கிடைக்கவில்லை. அந்த மிருகத்துக்கு நான் செய்தது அநியாயம். அதற்கப்புறம் 70-ஐத் தாண்டிச் சுட்டதில்லை. இரண்டு சீசன் வெறுங்கையோடு திரும்பியிருக்கிறேன்.

சரி, 70 கஜத்துக்கு எப்படி நெருங்குவது? செப்டம்பர் ஆண் எல்க்குகள் குரல் கொடுக்கும் காலம், அவை இருக்கும் இடம் தெரிந்துவிடும். காலையில் வெயில் ஏறியதும் காற்றும் மலைமேல் ஏறும், மாலையில் இறங்கும். காற்று உங்கள் வாடையை எல்க்கிடம் கொண்டுபோகும், அது மாறும் அந்த நேரத்தில் நகராதீர்கள். முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், இரண்டு நுரையீரலும் அடிபடும் இடத்தைத் தவிர வேறெங்கும் குறி வைக்கக் கூடாது. பட்டதும் விழும் என்றும் எதிர்பார்க்காதீர்கள். 1805 மே மாதம் மிசூரி ஆற்றங்கரையில் அமெரிக்காவின் மேற்கை ஆராயப் போன லூயிஸ், கிளார்க் குழுவினர் சுட்ட கிரிஸ்லி கரடி, நுரையீரலில் ஐந்தும் மற்ற இடங்களில் ஐந்துமாகக் குண்டு வாங்கியும் ஆற்றில் பாதிக்கு மேல் நீந்தி மணல்திட்டில் ஏறியது. சாக இருபது நிமிடமாவது ஆனது. எல்க் கரடி இல்லைதான், ஆனாலும் சுட்ட இடத்திலேயே மறுபடி மருந்து இட்டுக்கொண்டு அரைமணி காத்திருங்கள்.

இன்னொன்று. குண்டு மருந்தின்மேல் முழுதாக உட்கார வேண்டும். இடைவெளி விட்டால் குழலே வெடிக்கலாம். சரியாக உட்கார்ந்தபோது கோலில் ஒரு கோடு போட்டு வையுங்கள், ஒவ்வொரு முறையும் அந்தக் கோடு குழல் வாயோடு சேருகிறதா பாருங்கள். நவீன ரைபிள்களுக்கான புகையில்லா மருந்தை இதில் ஒரு சிட்டிகைகூடப் போடக் கூடாது.

பென்மலை:
நான் பென்சில்வேனியா. இங்கே 1974 முதல் பிளின்ட்லாக் (கல் உரசும் தீப்பொறியில் சுடும் துப்பாக்கி) மான் சீசன் உண்டு. கிறிஸ்துமஸுக்கு அடுத்த நாள் பனியில் நிற்போம். ஈரம்தான் எதிரி. காலையில் மருந்து இடும் முன், குழலைப் பத்திரமான பக்கம் திருப்பி வெறும் கேப் (அடித்ததும் தீ தரும் சிறு மூடி) இரண்டு வெடித்துவிடுங்கள், கேப் உட்காரும் நிப்பிள் துளையில் தங்கிய எண்ணெய் எரிந்து போகும். கேப் மட்டும் வெடித்துத் துப்பாக்கி சுடவில்லை என்றால் ஒரு நிமிடமாவது அதே திசையில் பிடித்திருங்கள், தாமதமாகவும் வெடிக்கும். அன்றிரவே வெந்நீரில் கழுவுங்கள். கரி ஈரத்தை இழுக்கும், விட்டால் துரு.

டென்வர்வாசி:
கன்னிசன் அண்ணா, அளந்தேன். 30 அங்குலத்தில் பாதிச் சுற்று. அப்படியென்றால் 60-க்கு ஒன்று, உருண்டைதான். நேற்று 70 கஜத்தில் உட்கார்ந்து பத்துக் குண்டு சுட்டேன். எட்டு ஒரு தட்டு அகலத்துக்குள், இரண்டு இடப்பக்கம் விலகின. அந்த இரண்டையும் விசையை அவசரமாக இழுத்தபோது சுட்டேன். ஆகஸ்ட் முடிய வாராவாரம் சுடப் போகிறேன். பத்தும் தட்டுக்குள் விழும் வரை என் எல்லை 50 கஜம்.