ஆண்டுத் தேர்வுக்கு ஒன்பது நாள்தான் இருக்கிறது, பிள்ளைகள் சோர்ந்துவிட்டார்கள். என்ன செய்யலாம்?

சிலேட்டுக்குச்சி (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். நான் மூன்றாம் வகுப்பு டீச்சர், வேலைக்கு வந்து இது இரண்டாவது வருடம். ஆண்டு இறுதித் தேர்வுக்கு இன்னும் ஒன்பது வேலை நாள்கள் இருக்கின்றன. பாடம் எல்லாம் முடிந்துவிட்டது, இப்போது ரிவிஷன் மட்டும்தான். வருடம் முழுக்கக் கையைத் தூக்கிக்கொண்டு "நான் சொல்றேன் டீச்சர், நான் சொல்றேன்" என்று குதித்த பிள்ளைகள் இப்போது பழைய கேள்வித்தாளை எடுத்தாலே தலையை மேசைமேல் சாய்த்துவிடுகிறார்கள்.

இரண்டு பிள்ளைகளைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ஒரு பையன் எழுதுவான், அழிப்பான், மறுபடி எழுதுவான், மறுபடி அழிப்பான். நேற்று அவன் தாளை வாங்கிப் பார்த்தால் நான்காவது கணக்கு இருந்த இடத்தில் ஓட்டையே விழுந்திருக்கிறது. அவன் முதலில் எழுதியிருந்தது சரியான விடை, அழித்த தடத்திலேயே தெரிகிறது. இன்னொரு பெண் ஐந்தே நிமிடத்தில் வாய்க்கு வந்ததை எழுதிக் கொடுத்துவிட்டு "முடிச்சுட்டேன், வெளியே போகட்டுமா?" என்கிறாள். அவளுக்குப் பாடம் தெரியும், எனக்கு நன்றாகத் தெரியும் அவளுக்குத் தெரியும் என்று.

போன வெள்ளிக்கிழமை பொறுமை இழந்து "இப்படியே இருந்தா பரீட்சையில ஒண்ணுமே எழுத வராது" என்று கத்திவிட்டேன். ஒரு குழந்தை அழுதுவிட்டது. அன்று முழுக்க எனக்கு மனசே சரியில்லை. "உங்களால் முடியும்" என்று நல்லவிதமாகவும் பேசிப் பார்த்தேன், தலையை ஆட்டிவிட்டு மறுபடி சாய்ந்துகொள்கிறார்கள். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள், இந்த ஒன்பது நாளில் என்ன செய்தால் இவர்களுக்குத் திரும்ப ஒரு துடிப்பு வரும்?

கரும்பலகை

வெள்ளிக்கிழமையை மனதில் போட்டு உழப்பிக்கொள்ளாதீர்கள் டீச்சர். ஆரம்பப் பள்ளியில் இருபத்து நான்கு வருடமாக இருக்கிறேன், நானும் அப்படிக் கத்தியிருக்கிறேன். திங்கட்கிழமை அந்தக் குழந்தையிடம் தனியாகப் போய் "அன்னைக்கு நான் கத்தினது தப்பு" என்று ஒரு வரி சொல்லுங்கள், போதும்.

நீங்கள் சொன்ன இரண்டு பிள்ளைகளுக்கும் இருப்பது ஒரே வியாதி என்றுதான் எனக்குப் படுகிறது. அழிக்கிற பையனுக்குத் தப்பாகிவிடுமோ என்ற பயம் என்பது வெளியே தெரிகிறது. ஐந்து நிமிடத்தில் கொடுத்துவிட்டு ஓடுகிற பெண்ணுக்கும் அதே பயம்தான், முயற்சி செய்து தப்பாவதைவிட முயற்சியே செய்யாமல் தப்பானால் வலிக்காது, அவ்வளவுதான். இதைச் சோம்பேறித்தனம் என்று எடுத்துக்கொண்டு விரட்டினால் இன்னும் வேகமாகத்தான் ஓடுவாள். அதனால் "உற்சாகப்படுத்துவது" என்ற வார்த்தையைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, தப்பு செய்தால் இங்கே ஒன்றும் ஆகாது என்பதைக் காட்டுவதில் முதல் இரண்டு நாளைச் செலவு செய்யுங்கள்.

நான் செய்வது இது. பலகையில் 402 − 178 என்று எழுதி நானே தப்பாகப் போடுவேன். 2-க்கும் 8-க்கும் வித்தியாசம் 6, 0-க்கும் 7-க்கும் 7, 4-க்கும் 1-க்கும் 3, ஆக 376. இப்படிப் பெரியதிலிருந்து சிறியதைக் கழித்துக்கொண்டே போவதுதான் இந்த வயதில் முக்கால்வாசிப் பேர் செய்யும் தப்பு. போட்டுவிட்டு "எங்கேயோ சறுக்கிட்டேன், எங்கேன்னு கண்டுபிடிங்க" என்று சாக்பீஸைக் கீழே வைத்துவிடுவேன். டீச்சர் தப்பைப் பிடிக்கிற வாய்ப்பு கிடைத்தால் தூங்குகிற பிள்ளைகூட எழுந்து உட்காரும். ஒருவன் வந்து சரிசெய்ததும் அதோடு விடமாட்டேன், "224 சரிதான்னு எப்படி நம்புறது?" என்று கேட்பேன், 224-ஐயும் 178-ஐயும் கூட்டினால் 402 திரும்ப வருகிறது என்று யாராவது சொல்கிற வரைக்கும். அழிக்கிற பையனுக்கு வேண்டியது இதுதான் பாருங்கள். தன் விடை சரியா என்று தானே பார்த்துக்கொள்ள ஒரு வழி கையில் இருந்தால் அழிப்பானைத் தேட மாட்டான்.

அடுத்தது ரிவிஷன். புத்தகத்தைத் திரும்பத் திரும்பப் படிக்க வைக்காதீர்கள், சோர்வுக்குப் பாதிக் காரணம் அதுதான். 2006-இல் ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் செய்த ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. ஒரு கூட்டம் பாடத்தைத் திரும்பப் படித்தது, இன்னொரு கூட்டம் ஒருமுறை படித்துவிட்டு மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தால் திரும்பப் படித்தவர்களுக்கு 81 சதவீதம், எழுதிப் பார்த்தவர்களுக்கு 75. ஆனால் ஒரு வாரம் கழித்து அப்படியே தலைகீழ், 42-க்கு 56. அவர்கள் கல்லூரி மாணவர்கள்தான், இருந்தாலும் என் வகுப்பில் சின்னப் பிள்ளைகளிடமும் இதைத்தான் வருடாவருடம் பார்க்கிறேன். படித்துக்கொண்டே இருந்தால் தெரிந்தது மாதிரி இருக்கும், தாளில் எழுத உட்கார்ந்தால் வராது, அங்கேதான் மனசு உடைகிறது.

வெற்றுத்தாள் ஒன்று கொடுங்கள். "தாவரங்களைப் பத்தி உனக்குத் தெரிஞ்சதெல்லாம் எழுது, வரையவும் செய்யலாம், பத்து நிமிஷம்." அப்புறம் புத்தகத்தைத் திறந்து, விட்டுப்போனதை வேறு நிறப் பென்சிலால் சேர்க்கச் சொல்லுங்கள். இரண்டு நாள் கழித்து அதே தலைப்பு, புதுத் தாள். முதல் நிறம் கூடியிருக்கும், இரண்டாம் நிறம் குறைந்திருக்கும். இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். "உங்களால் முடியும்" என்று நீங்கள் சொல்லவே வேண்டாம், அந்தத் தாளே சொல்லிவிடும்.

ஒரு அம்மா

நான் டீச்சர் இல்லை, வீட்டுப் பக்கத்தைச் சொல்கிறேன். என் மகள் போன வருடம் தேர்வுக்கு முந்தின வாரம் முழுக்க ராத்திரியில் திடீர் திடீரென்று எழுந்து உட்கார்ந்தாள். ஒருநாள் பத்து மணிக்கு மேல் வந்து "அம்மா, மார்க் குறைஞ்சா ரெண்டாம் கிளாஸுக்கே திரும்பப் போகணுமா?" என்று கேட்டாள். அப்படி யாரும் அவளிடம் சொல்லவில்லை. நாங்கள் பெரியவர்கள் பேசிக்கொண்டதை எங்கிருந்தோ பிய்த்துப் பிய்த்து அவளே ஒட்டி வைத்திருக்கிறாள். டீச்சர், தயவுசெய்து ஒருநாள் வகுப்பில் "இந்தப் பரீட்சை எதுக்கு, மார்க் குறைஞ்சா என்ன ஆகும், என்ன ஆகாது" என்று வெளிப்படையாகப் பேசிவிடுங்கள். அவர்கள் கற்பனை செய்வது எப்போதும் உண்மையைவிடப் பயங்கரமாக இருக்கும்.

தூக்கம் இன்னொன்று. 6 முதல் 12 வயது வரை ஒரு நாளைக்கு 9 முதல் 12 மணி நேரம் தூங்க வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவ அமைப்பு 2016-இலேயே சொல்லியிருக்கிறது. தேர்வு வந்தால் நாங்கள் முதலில் கை வைப்பது அந்தத் தூக்கத்தில்தான். பெற்றோருக்குச் சீட்டு எழுதி அனுப்பினால் "நன்றாகப் படிக்க வையுங்கள்" என்று எழுதாதீர்கள், படித்தால் போதாது என்று நாங்கள் இன்னும் விரட்டுவோம். "இந்த ஒன்பது நாளும் வழக்கமான நேரத்துக்குத் தூங்க வையுங்கள், வீட்டில் புது வேலை எதுவும் தர வேண்டாம்" என்று எழுதுங்கள். டீச்சர் கையெழுத்தில் வந்தால் கேட்போம்.

கணக்குவாத்தியார்

எல்லாம் சரி, ஆனால் ஒன்பது நாளில் மனசை மாற்றுவதெல்லாம் நடக்கிற காரியமா? நான் பரிசுதான் கொடுக்கிறேன். ஒரு தாளைக் கடைசிவரை எழுதினால் ஒரு ஸ்டிக்கர், ஐந்து ஸ்டிக்கர் சேர்ந்தால் ஒரு பென்சில். வேலை செய்கிறது. பொருளாதார அறிஞர் லெவிட்டும் அவருடைய குழுவினரும் அமெரிக்கப் பள்ளிகளில் பரிசு கொடுத்துப் பார்த்து 2016-இல் எழுதிய கட்டுரையில், தேர்வு முடிந்த கையோடு கொடுத்தால் மதிப்பெண் கூடியது, ஒரு மாதம் கழித்துத் தருகிறேன் என்றால் பலனே இல்லை என்று வந்தது. சின்னப் பிள்ளைகளுக்குப் பணம்கூட வேண்டியதில்லை, கோப்பை மாதிரிச் சின்னப் பொருளே போதுமாக இருந்தது. அதனால் பரிசு கூடாது என்று யாரும் அடித்துச் சொல்ல வேண்டாம். ஆனால் "நல்லா எழுதினா லீவுல கூட்டிட்டுப் போறேன்" என்கிற வாக்குறுதி மட்டும் வேண்டாம், எட்டு வயதுக்கு அது எட்டாத தூரம்.

கரும்பலகை

சார், நீங்கள் சொல்லும் ஆய்வை மறுக்கவில்லை. ஆனால் 1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் மூவரும் செய்ததையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். படம் வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள மழலையர் பள்ளிப் பிள்ளைகளிடம், வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொல்லிக் கொடுத்தார்கள். பிற்பாடு சும்மா விளையாட விட்டபோது அந்தப் பிள்ளைகள் வரைந்த நேரம் மற்றவர்களில் பாதி அளவுதான். எதிர்பார்க்காமல் சான்றிதழ் வாங்கியவர்களுக்கு அந்தக் குறைவு வரவில்லை.

நான் இதிலிருந்து எடுத்துக்கொண்டது, பிள்ளைக்குப் பிடித்த வேலைக்கு விலை வைக்காதே என்பதுதான். வாய்ப்பாடு சலிப்பாக இருக்கிறது என்றால் அதற்கு ஸ்டிக்கர் கொடுங்கள், தப்பில்லை. கதை படிப்பதற்கு வேண்டாம். இன்னொன்று, ஸ்டிக்கரை மார்க்குக்குக் கொடுத்தால் முதல் நாளிலேயே பத்துப் பேர் தமக்குக் கிடைக்காது என்று தெரிந்து ஒதுங்கிவிடுவார்கள். நீங்கள் கடைசிவரை எழுதியதற்குக் கொடுக்கிறீர்கள் பாருங்கள், அது நல்ல முறை.

பாராட்டிலும் கவனம் வேண்டும். "உனக்கு நல்ல மூளை" என்று சொன்னால் அடுத்த கடினமான கணக்கில் அந்த மூளை போய்விடுமோ என்று பயப்படுவார்கள். 1998-இல் முல்லரும் டுவெக்கும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் பார்த்தது அதுதான், தோற்ற பிறகு புத்திசாலி என்று புகழப்பட்டவர்கள் சரிந்தார்கள், உழைத்தாய் என்று புகழப்பட்டவர்கள் ஏறினார்கள். "கூட்டிச் சரி பார்த்தே பாரு, அது நல்லா இருந்துச்சு" என்று செய்த வேலையைப் பெயர் சொல்லிச் சொல்லுங்கள்.

சிலேட்டுக்குச்சி

எல்லாருக்கும் நன்றி. ஐந்து நாள் போய்விட்டது, நடந்ததைச் சொல்கிறேன்.

திங்கட்கிழமை அழுத குழந்தையிடம் போய்ச் சொன்னேன். "பரவால்ல டீச்சர்" என்று சொல்லிவிட்டு ரப்பர் பேண்டை மாட்டிக்கொண்டே ஓடிவிட்டாள். அம்மா சொன்னபடி தேர்வைப் பற்றி வெளிப்படையாகப் பேசினேன். முதல் கேள்வியே "கேள்வித்தாள்ல நமக்குத் தெரியாதது வந்தா மணி அடிக்கிற வரைக்கும் அதையே பாத்துட்டு இருக்கணுமா?" என்றுதான் வந்தது. நான் ஆடிப்போய்விட்டேன். தெரியாததை விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போகலாம் என்பதை நான் ஒருமுறைகூட அவர்களிடம் சொன்னதில்லை. அதையே ஒரு பயிற்சியாக வைத்தேன், வேண்டுமென்றே மூன்றாவது கேள்வியைக் கடினமாகக் கொடுத்து, அதற்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போட்டுவிட்டுத் தாண்டி, கடைசியில் திரும்பி வரச் சொன்னேன். இரண்டு நாளில் பழகிவிட்டது.

376 விளையாட்டுக்கு வகுப்பே கத்தியது. அழிக்கிற பையன் முதல் நாள் வாயைத் திறக்கவில்லை. இரண்டாம் நாள் 503 − 267 போட்டேன், அதே தப்போடு 364. அவன் மெதுவாக எழுந்து வந்து, "டீச்சர், பத்து இருக்கிற இடத்துல ஒண்ணுமே இல்ல, நூறுகிட்டப் போய்த்தான் கடன் வாங்கணும்" என்று சொல்லி 236 போட்டான். போட்டுவிட்டு யாரும் கேட்காமலே பக்கத்தில் 236-ஐயும் 267-ஐயும் கூட்டிப் பார்த்தான். அவன் இன்னும் அழிக்கிறான், ஆனால் ஓட்டை விழுகிற அளவுக்கு இல்லை.

வெற்றுத்தாள் எல்லாருக்கும் ஒத்து வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். எழுதவே திணறுகிற நான்கு பேர் காலித் தாளைப் பார்த்து மிரண்டுவிட்டார்கள். அவர்களை வாயால் சொல்லச் சொல்லி நான் எழுதினேன், அப்புறம் சரியாகிவிட்டது.

ஐந்து நிமிடப் பெண்தான் இன்னும் பிடிபடவில்லை. விளையாட்டில் எல்லாருக்கும் முன்னால் தப்பைக் கண்டுபிடிக்கிறாள், தாளைக் கையில் கொடுத்தால் மறுபடி ஓட்டம்தான். அவளுக்கு ஏதாவது வழி இருக்கிறதா?

கரும்பலகை

அவளிடம் முழுத் தாளைக் கொடுக்காதீர்கள். தாளை மூன்றாகக் கத்தரித்து ஒரு துண்டை மட்டும் கொடுங்கள், முடித்ததும் தன் விடையில் எதில் அதிக நம்பிக்கை, எதில் குறைவு என்று இரண்டுக்குக் குறி போட்டுக்கொண்டு வரச் சொல்லுங்கள். குறி போட வேண்டுமென்றால் திரும்பப் பார்த்தே ஆகணும். குறைவு என்று அவள் போட்டதை மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள், மற்றதைத் திருத்தவே வேண்டாம். அப்புறம் அடுத்த துண்டு. கடைசி இரண்டு நாளில் துண்டுகளைச் சேர்த்து முழுத் தாளாக்கிவிடலாம்.

சிலேட்டுக்குச்சி

இன்று செய்து பார்த்தேன். முதல் துண்டுக்கு நான்கு நிமிடம். இரண்டாவது துண்டுக்குப் பதினொன்று. மூன்றாவதை எடுத்துக்கொண்டு வந்து "இதுல மூணு சந்தேகம் இருக்கு, மூணுக்கும் குறி போடலாமா?" என்று கேட்டாள். போடு என்றேன்.