ரிடோ கால்வாய், ஒட்டாவாவிலிருந்து கிங்ஸ்ரன் வரை: வயது போன ரெண்டு பேரால போட் ஓட்டிப் போகேலுமோ?

ஸ்காபரோ_அண்ணை கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். நானும் மனுசியும் போன வருசம் வேலையை விட்டிட்டம். எனக்கு 66, அவவுக்கு 63. வாற யூன் கடைசியில ஒரு போட்டை வாடகைக்கு எடுத்து ரிடோ கால்வாயில ஒட்டாவாவில வெளிக்கிட்டு கிங்ஸ்ரன் வரைக்கும் போவமெண்டு யோசிக்கிறம். 202 கிலோமீற்றர், 45 லொக் (கதவு பூட்டித் தண்ணியைக் கூட்டிக் குறைச்சுப் போட்டை ஏத்தி இறக்கிற தொட்டி). நாங்கள் ரெண்டு பேரும் இதுவரைக்கும் போட் ஓட்டினதில்லை. மனுசிக்கு நீந்தத் தெரியாது. எனக்கு ஒரு முழங்கால் சரியில்லை. பிள்ளையள் "அப்பா, பேசாமல் குரூஸ் கப்பலில போங்கோ" எண்டு நிக்குதுகள்.

லைசன்ஸ் வேணுமோ? லொக்குக்குள்ள ரெண்டு பேரால சமாளிக்கலாமோ? ஒரு கிழமை காணுமோ? போய் வந்த ஆக்கள் சொல்லுங்கோ.

தூண்டில்:

லைசன்ஸுக்கு யோசியாதேங்கோ. சொந்தப் போட் எண்டால்தான் போட் ஓட்டுறதுக்கான ஓப்பரேற்றர் காட் எடுக்க வேணும். வாடகைப் போட்டுக்கு, தாற இடத்தில பாதுகாப்பு விசயங்களைச் சொல்லிக் காட்டி ஒரு படிவத்தில கையெழுத்து வாங்குவினம். அந்தப் படிவம் வாடகைக்காலம் முழுக்கச் செல்லும். போட்டிலயே வைச்சிருங்கோ.

இன்னொண்டு: ஒன்ராறியோவில 65 தாண்டின கனடாக்காரருக்கு மீன்பிடி லைசன்ஸும் தேவையில்லை, வயது காட்டுற அரசாங்க அடையாள அட்டை காணும். அண்ணைக்கு அது சரி. அக்கா தூண்டில் போடுறதெண்டால் அவவுக்கு எடுக்க வேணும். கால்வாயோட சேந்த ஏரியளில பாஸ் மீன் நல்லாப் படும்.

கயிறுக்காரி:

அண்ணை, இதை அக்காட்டக் குடுத்து வாசிக்கச் சொல்லுங்கோ. பதில் அவவுக்குத்தான்.

நானும் இவரும் ஓய்வெடுத்தாப் பிறகு இந்தக் கால்வாயால போனனாங்கள். இவர் காரைநகர், சின்னனில வள்ளம் வலிச்ச ஆள். அந்தத் துணிவில முதல் நாள் ஸ்ரியரிங்கை ஆருக்கும் குடுக்கேல்லை. நான் அணியத்தில, போட்டின்ர முன்பக்கம், கயிறோட. அக்கம் பக்கம் பாத்தா எல்லாப் போட்டிலும் இதே கூத்துத்தான்: தொப்பி போட்ட மனுசன் நிழலில இருந்து சக்கரம் திருப்புறார், மனுசி வெயிலுக்க கயிறோட நிக்கிறா, "பிடி பிடி, இழு இழு" எண்டு பின்னாலயிருந்து கட்டளை வருது. வழியில மெரிக்வில் எண்ட ஊரில நான் கயிறைக் கீழ போட்டிட்டு உள்ளுக்க வந்து சக்கரத்தில இருந்திட்டன். அதுக்குப் பிறகு கிங்ஸ்ரன் மட்டும் நான்தான் ஓட்டினது.

இதைக் கதைக்காகச் சொல்லேல்லை. ஓட்டுறதுக்குப் பெலன் தேவையே இல்லை. மெதுவா வந்து, நேரத்தோட கியரை நடுவில போட்டிட்டு, போட் தானா மிதந்து போகட்டும் எண்டு விடத் தெரிய வேணும், அவ்வளவுதான். பத்து மீற்றருக்கு மேல நீளமான போட்டைக் காத்துத் தள்ளேக்க சுவரோட இழுத்துப் பிடிக்கத்தான் தோள்பெலன் வேணும். அப்ப பெலனுள்ள ஆள் கயிறில நிக்கிறதுதானே முறை? உங்கட முழங்காலுக்கும் பயமில்லை, போட்டிலயிருந்து கரைக்குப் பாயாத வரைக்கும். ஒரு அடி இடைவெளி எண்டாலும் பாயாதேங்கோ. நீளத்தடியில கொழுக்கி வைச்சது போட்டில இருக்கும், அதால எட்டி இழுங்கோ.

லொக் எப்பிடியெண்டு சொல்லுறன். வாசலுக்கு முன்னால நிக்கிற மேடையில ஒரு பகுதிக்கு நீலக் கோடு அடிச்சிருக்கும். அந்தக் கோட்டில கட்டினால் நீங்கள் லொக்குக்குள்ள போகக் காத்து நிக்கிறியள் எண்டு அர்த்தம். சும்மா சாப்பிட நிக்கிறதெண்டால் கோடில்லாத பக்கம் கட்டுங்கோ. கதவு திறந்து கைகாட்டினாப் பிறகு மெல்ல உள்ளுக்கப் போறது. சுவரில மேலயிருந்து கீழ வரைக்கும் ரப்பர் பூசின கறுப்புக் கேபிள் இடைக்கிடை தொங்கும். முன்னால ஒண்டு, பின்னால ஒண்டு, உங்கட கயிறை அதைச் சுத்தி எடுத்து நுனியைக் கையில வைச்சிருங்கோ. கட்டிப்போடாதேங்கோ. தண்ணி இறங்க இறங்கக் கயிறு கேபிளோட வழுக்கி இறங்க வேணும். கட்டினியளோ, போட் ஒரு பக்கம் தொங்கிப்போம். எஞ்சினை நிப்பாட்ட வேணும், அடுப்பும் நூர்த்திருக்க வேணும். தேத்தண்ணிக்கு வைச்ச கேத்திலோட போகேலாது.

மற்றது, மூண்டு இடத்தைத் தவிர எல்லா லொக்கையும் இண்டைக்கும் கையாலதான் திறக்கினம். கால்வாயை நடத்துற பார்க்ஸ் கனடாவின்ர சட்டை போட்ட பொடியளும் பெட்டையளும் இரும்புக் கைபிடியைச் சுத்தச் சுத்த, சங்கிலி கறகற எண்டு இழுபட்டு மரக்கதவு அசையும். கதவு நெருக்குக்குள்ளால தண்ணி சிதறி முகத்தில அடிக்கும். இறங்கிக் கீழ வந்து நிமிந்து பாத்தால் கிணத்துக்குள்ள இறங்கி நிண்ட மாதிரி இருக்கும், அந்தப் பாசி மணமும் குளிரும். கையுறை கொண்டு போங்கோ, கயிறு முழுக்கச் சளிப் பாசி. ஏறேக்கதான் தண்ணி கொதிச்சுக்கொண்டு வந்து போட்டை அலைக்கும். இறங்குறது சுகம்.

ஒட்டாவாவிலயிருந்து அப்பர் ரிடோ ஏரி வரைக்கும் 83 மீற்றர் ஏறுறியள், அங்கயிருந்து கிங்ஸ்ரனுக்கு 50 மீற்றர் இறங்குறியள். அந்த ஏரிக்கும் கீழப்பக்கத்துக்கும் நடுவில இருக்கிற நியூபரோ லொக்கைத்தான் கவனிக்க வேணும். அதுவரைக்கும் வழிகாட்டுற சிவப்பு மிதவையை வலக்கைப்பக்கம் விட்டுப் போவியள். நியூபரோவைத் தாண்டினால் ஓட்டத்தோட இறங்குறியள், அப்ப சிவப்பு இடப்பக்கம். மறந்துபோய்ப் பழைய படி விட்டால் போட்டின்ர அடி கல்லில உரஞ்சும். சிட்டையில எழுதிச் சக்கரத்தில ஒட்டி விடுங்கோ. கடல்வரைபடம் 1512, 1513 ரெண்டும் வேணும், போன் மட்டும் பத்தாது. போட் தந்த ஆக்கள் இதொண்டையும் சொல்லேல்லை. குசினியில கோப்பை எத்தினை இருக்கெண்டு மட்டும் வடிவா எண்ணிக் காட்டினவை.

ஒரு கிழமைக்குள்ள முழுக்கப் போகலாம், ஆனால் என்னைக் கேட்டால் முழுக்கப் போகாதேங்கோ. ஸ்மித்ஸ் ஃபோல்ஸில எடுத்து ஜோன்ஸ் ஃபோல்ஸ் மட்டும் போய்த் திரும்புங்கோ. வடிவெல்லாம் அந்த ரெண்டுக்கும் இடையில இருக்கிற ஏரியளிலதான். 202 கிலோமீற்றரில மனிசர் வெட்டினது 19 தான், மிச்சமெல்லாம் ஆறும் ஏரியும். பிக் ரிடோ ஏரியைக் காலமையோட தாண்டிடுங்கோ, பின்னேரம் காத்தெடுத்தால் வீடு மாதிரிப் பெரிய போட்டுக்குக் கரைச்சல். ஜோன்ஸ் ஃபோல்ஸில நாலு லொக், பக்கத்தில காட்டுக்குள்ள அறுபதடி உயரக் கல்லணை. 1832இல திறந்த கால்வாய் இது, பெரும்பாலும் கையால செய்த வேலை. கட்டேக்க ஆயிரம் பேரளவில செத்தவையாம், கனபேர் மலேரியாவில. இந்தக் குளிர் நாட்டில மலேரியாவோ எண்டு இவர் நம்பேல்லை, அங்க விளக்கப் பலகையில வாசிச்சாப் பிறகுதான் வாயை மூடினவர்.

அக்காவுக்கு நீந்தத் தெரியாதது ஒரு தடையில்லை. தளத்தில நிக்கேக்க உயிர்காப்புச் சட்டையைக் கழட்டக் கூடாது, நீந்தத் தெரிஞ்ச அண்ணையும்தான். யூன் எண்டால் நுளம்பு பொல்லாதது, ஆவணி கடைசி தள்ளிப் போடேலுமெண்டால் நல்லது.

ஒட்டாவா_சென்னை:

மேல அம்மா சொன்னதுதான் சரி. ஒட்டாவா டவுனில் நாடாளுமன்றத்துக்குப் பக்கத்துல எட்டு லாக் படி மாதிரி வரிசையா இருக்கும். அதைத் தாண்டவே ஒன்றரை மணி நேரம் போயிடும். கார்ல வந்து கரையில நின்னு வேடிக்கை பாருங்க, அதுவே போதும்.

ஸ்மித்ஸ் ஃபால்ஸ்ல ஆரம்பிச்சீங்கன்னா இன்னொரு லாபம் இருக்கு. ஊரைத் தாண்டினதும் வர்ற 32ஆம் நம்பர் லாக்கோட பேர் 'பூனமலி'. நம்ம பூந்தமல்லியேதான்! வெள்ளைக்காரன் மெட்ராஸ் பக்கத்து ஊர்ப் பேரைக் கொண்டுவந்து இந்தக் காட்டுல வெச்சிருக்கான். நான் பிறந்து வளர்ந்தது பூந்தமல்லி பஸ் டெர்மினஸ் பக்கம். இங்க வந்த புதுசுல பலகையைப் பார்த்துட்டு அதுக்குக் கீழ நின்னு போட்டோ எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். "அங்கயும் டிராஃபிக் ஜாமாடா?"ன்னு கேட்டாங்க. ஒரு ஈ காக்கா கிடையாது, சீடர் மரமும் ஆமையும்தான். ராத்திரி தங்க அருமையான இடம்.

ஸ்காபரோ_அண்ணை:

எல்லாருக்கும் நன்றி. மனுசி ரெண்டு தரம் வாசிச்சிட்டா. சக்கரம் அவவுக்காம், முடிவாகிட்டுது. ஸ்மித்ஸ் ஃபோல்ஸ்–ஜோன்ஸ் ஃபோல்ஸ் எண்டே போறம், ஆவணியில. தங்கச்சி, ரெண்டு கேள்வி: கழிப்பறைத் தாங்கியை எங்க வெறுமையாக்கிறது? பின்னேரம் ஒரு பியர் குடிக்கலாமோ?

கயிறுக்காரி:

தாங்கியை ஏரிக்குள்ள திறக்கவே கூடாது, சட்டம். படகுத்துறையளில காசு குடுத்து உறிஞ்சுவிக்கலாம். எந்தெந்தத் துறையில இருக்கெண்டு வெளிக்கிட முதலே வரைபடத்தில குறிச்சு வையுங்கோ, நிரம்பினாப் பிறகு தேடாதேங்கோ.

பியர்: படுக்கை, சமையல், கழிப்பறை மூண்டும் நிரந்தரமா உள்ள போட்டெண்டால், கட்டியோ நங்கூரம் போட்டோ நிக்கேக்கதான். ஓடேக்க ஆரும் குடிக்கேலாது, ஓட்டாத ஆளும்தான்.

போட் திடீரெண்டு உதறி வேகம் குறைஞ்சால் பயப்பிடாதேங்கோ, போட்டைத் தள்ளுற காத்தாடியில (புரொப்பெல்லர்) பாசி சுத்தியிருக்கும். கொஞ்சம் பின்னுக்கு எடுத்தால் கழண்டிடும். கழராட்டி எஞ்சினை நிப்பாட்டித் திறப்பைக் கையில எடுத்துக்கொண்டுதான் கை வைக்கோணும். திறப்பு அக்காட்ட இருக்கட்டும்.