பயணத்துக்கு ஒரு கையடக்க மானிட்டர்: வாங்கிப் பட்டதைச் சொல்லுங்கள்

கணக்குப்பிள்ளை:

எனக்குத் தணிக்கை வேலை. மாதத்தில் பாதி நாள் வெளியூரில், யாருடைய அலுவலகத்திலோ மூலையில் ஒதுக்கித் தரும் மேசையில் கழியும். பேரேட்டையும் வங்கி அறிக்கையையும் ஒரே 14 அங்குலத் திரையில் மாற்றி மாற்றிப் பார்த்து, ஓர் இரவு 61,500 என்பதை 65,100 என்று தட்டிவிட்டேன். வித்தியாசம் ஒன்பதால் வகுபட்டால் இலக்கம் இடம் மாறியிருக்கும் என்பது எங்கள் தொழிலில் பாலபாடம். தூக்கக் கலக்கத்தில் அதுகூட நினைவுக்கு வரவில்லை. தேடிப் பிடிப்பதற்குள் விடிந்துவிட்டது. இரண்டாவது திரை வாங்கியே தீருவது என்று அன்றுதான் முடிவு செய்தேன்.

விலை குறைந்தவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். 15.6 அங்குலம், 1920×1080, எடை 800 கிராம் அளவில். மானிட்டரைப் பற்றி எல்லாவற்றையும் விசாரித்த நான், என் மடிக்கணினியைப் பற்றி ஒன்றுமே விசாரிக்கவில்லை. டைப்-சி கேபிளைச் செருகியதும் திரை வெளிச்சமானது, “சிக்னல் இல்லை” என்ற வாசகம் சற்று நேரம் மிதந்தது, பிறகு இருட்டு. பழுது என்று திருப்பி அனுப்பினேன். மாற்றாக வந்ததும் அதையே செய்தது. அப்போதுதான் ஒருவர் சொன்னார்: டைப்-சி துளை இருப்பதாலேயே அதன் வழியாகப் படம் வந்துவிடாது. சில துளைகள் மின்சாரத்துக்கும் தரவுக்கும் மட்டுமே. டைப்-சி வழியாகப் படம் அனுப்பும் ‘டிஸ்ப்ளேபோர்ட் ஆல்ட் மோட்’ வசதி இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். அல்லது படத்தையும் கடத்தும் அதிவேக வகையான தண்டர்போல்ட் துளையாக இருக்க வேண்டுமாம். என்னுடையது இரண்டும் இல்லை.

இப்போது எச்டிஎம்ஐ வழியாக ஓட்டுகிறேன். அதிலும் ஒரு சிக்கல்: எச்டிஎம்ஐ படத்தைத் தரும், திரை எரிய மின்சாரம் தராது. அதற்குத் தனியாக ஒரு கேபிளை மடிக்கணினியின் பழைய செவ்வக யுஎஸ்பி துளையில் செருகினேன். வெளிச்சத்தைப் பாதிக்கு மேல் ஏற்றினால் திரை துடித்து அணைகிறது. கடைசியில் கைப்பேசியின் சார்ஜரைச் சுவரில் மாட்டி அதிலிருந்து மின்சாரம் கொடுக்கிறேன். வேலை நடக்கிறது, ஆனால் மேசையில் வயர்க் காடு. மற்றவர்களுக்கு எப்படி?

பழுதுநீக்கி:

தம்பி, உங்கள் திரை துடிப்பதற்குக் காரணம் எளிது. அந்தச் செவ்வகத் துளை யுஎஸ்பி 3.0 ஆக இருந்தால், விதிப்படி 5 வோல்ட்டில் 0.9 ஆம்பியர் தரும், அதாவது 4.5 வாட். இந்த அளவுத் திரை முழு வெளிச்சத்தில் 8 வாட் போலக் கேட்கும்.

மின்னணுப் பழுது பார்ப்பது என் பிழைப்பு. “மானிட்டர் செத்துவிட்டது” என்று மேசைக்கு வந்து, கேபிளை மாற்றியதும் உயிர்பெற்றவை உண்டு. டைப்-சி முனைகள் எல்லாம் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும், உள்ளே இருக்கும் கம்பிகள் வேறு. கைப்பேசியோடு வரும் சார்ஜிங் கேபிள்கள் பலவற்றில் யுஎஸ்பி 2.0 கம்பிகள் மட்டுமே உண்டு. படத்தைச் சுமக்கும் அதிவேகக் கம்பி இணைகள் இருக்காது. சோதிக்க ஒரு வழி: அந்தக் கேபிளில் வெளி எஸ்எஸ்டி (வேகமான சேமிப்புக் கருவி) ஒன்றை மாட்டி, பெரிய கோப்பு ஒன்றை நகலெடுங்கள். நொடிக்கு 40 மெகாபைட்டைத் தாண்ட மறுத்தால் அது வெறும் சார்ஜிங் கேபிள். நான் படம் கடத்தும் கேபிளின் இரண்டு முனைகளிலும் சிவப்பு நகப்பூச்சு ஒரு பொட்டு வைத்திருக்கிறேன். இருட்டு அறையிலும் குழம்புவதில்லை.

இன்னொன்று, நேராக நீட்டிக்கொண்டிருக்கும் முனையைவிட ‘எல்’ வடிவில் மடங்கிய முனை நல்லது. பக்கவாட்டில் துருத்திய கேபிள் மேல் கை பட்டு, சாக்கெட்டே பலகையிலிருந்து பெயர்ந்து வந்த மானிட்டர்களுக்கு ஈயம் வைத்திருக்கிறேன். திரை விரிசலைவிட அந்த வேலை எனக்கு எரிச்சல்.

செத்த மடிக்கணினியின் திரையைக் கழற்றி, கட்டுப்பாட்டுப் பலகை ஒன்றை மாட்டி நானே ஒரு மானிட்டர் செய்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அருமையாக ஓடுகிறது. ஆனால் முதுகில் வயர் தொங்கும் அந்தச் சாமானோடு விமான நிலையப் பாதுகாப்புச் சோதனையைக் கடக்கும் துணிவு இன்னும் வரவில்லை.

அகராதி:

நான் மொழிபெயர்ப்பாளர். மூலம் ஒரு திரையில், என் வரைவு மறு திரையில். ரயிலில் வேலை செய்யலாம் என்ற ஆசையில் வாங்கியது. மூன்று ஆண்டுகளில் ரயிலில் ஒரே ஒரு முறைதான் விரித்தேன். அந்தக் குட்டிப் பலகையில் மடிக்கணினி வைத்த பிறகு மிச்சம் இருப்பது ஒரு சாண். மானிட்டரை மடியில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு ஒரு பத்தி மொழிபெயர்த்தேன், பக்கத்து இருக்கைக்காரர் என்னோடு சேர்ந்து வாசித்தார். விடுதி அறையில் மட்டும்தான் இது பயன்படும் என்று வைத்துக்கொண்டே வாங்குங்கள்.

எனக்கு வலித்தது இரண்டு இடத்தில். முதலாவது தாங்கி. மலிவானவற்றில் மடித்து நிறுத்தும் உறைதான் தாங்கியாக வருகிறது. காந்தம் பிடிக்கும், ஆனால் சாய்வு இரண்டே நிலைதான், மேசை வழுவழுப்பாக இருந்தால் மெல்லச் சறுக்கி மல்லாந்துவிடும். வாக்கியத்தின் நடுவில் மூலநூல் மல்லாந்து படுப்பதை ரசிக்க முடியாது. பின்புறத்திலேயே விரியும் கால் இருப்பதை வாங்குங்கள், நூறு கிராம் கூடினாலும் பரவாயில்லை.

இரண்டாவது, நான் திரையைச் செங்குத்தாக நிறுத்துபவள். 15.6 அங்குலத் திரையின் நீளம் 345 மில்லிமீட்டர், அகலம் 194. ஏ4 தாள் 297-க்கு 210. ஆக, ஓரத்து வெள்ளை கொஞ்சம் வெட்டுப்பட்டாலும் முழுப் பக்கமும் அசல் அளவிலேயே தெரியும். அச்சுத் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்ட மாதிரி. ஆனால் நான் முதலில் வாங்கியது டிஎன் வகைத் திரை, பார்க்கும் கோணம் மாறினால் நிறமும் மாறும் ரகம். படுக்கை வாட்டில் ஓரளவு பொறுத்துக்கொள்ளலாம். நிமிர்த்தி வைத்தால் இடது கண்ணுக்கு ஒரு வெள்ளை, வலது கண்ணுக்கு வேறு வெள்ளை. கண் மருத்துவரிடம் போவதா என்று இரண்டு நாள் யோசித்தேன். கோணம் மாறினாலும் நிறம் அதிகம் மாறாத ஐபிஎஸ் திரைக்கு மாறியதும் கண் சரியாகிவிட்டது.

நிழற்படம்:

நிறத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே. விவரக் குறிப்பில் “45% என்டிஎஸ்சி” (திரை எவ்வளவு நிறங்களைக் காட்டும் என்பதற்கு ஓர் அளவுகோல்) என்று பார்த்தால் என்னைப் போன்றவர்கள் விலகிவிட வேண்டும். கணினித் திரைகளுக்கு வழக்கமான எஸ்ஆர்ஜிபி நிற அளவில் அது ஏறக்குறைய 60 சதவீதத்துச் சொச்சம்தான். அப்படிப்பட்ட திரையில் மணமக்கள் படங்களைத் திருத்தினேன். முகங்கள் சோகையாகத் தெரிந்தன, சிவப்பை ஏற்றினேன். அச்சில் வந்தபோது மாப்பிள்ளைக்குக் காய்ச்சல் அடிப்பது போல இருந்தது. மறுபடி அச்சிட்ட செலவு மானிட்டரின் விலையைத் தாண்டியது.

பெட்டியில் “எச்டிஆர்” (வெளிச்சத்துக்கும் இருளுக்கும் இடையே அதிக வேறுபாடு காட்டும் வசதி) என்று ஒட்டியிருப்பதை நம்ப வேண்டாம். திரைகளுக்குத் தரம் வகுக்கும் வெசா அமைப்பின் எச்டிஆர் தரச்சான்றில் கீழ்ப்படியே 400 நிட்ஸ் (திரை வெளிச்சத்தின் அலகு) உச்ச வெளிச்சம் கேட்கிறது. இந்த விலையில் வருபவை 250 சொல்லும். ஜன்னலோரம் உட்கார்ந்தால் உங்கள் முகம்தான் தெரியும். இப்போது படம் மடிக்கணினியில், கருவிப் பட்டைகள் மட்டும் மானிட்டரில். அதற்கு அது போதும்.

சுமைதாங்கி:

எதிர்ப்பாட்டு ஒன்று. மானிட்டர் 800 கிராம் என்பீர்கள். உறை, இரண்டு கேபிள், கூடுதல் சார்ஜர் என்று தராசில் வைத்தேன்: 1.3 கிலோ. இன்னொரு மடிக்கணினியையே தூக்கிப் போகலாம்.

மின்சாரம் இல்லாத இடத்தில் கணக்கு இன்னும் மோசம். 50 வாட்-மணி பேட்டரி, மடிக்கணினி சராசரியாக 10 வாட் எடுத்தால் ஐந்து மணி நேரம். மானிட்டரின் 8 வாட்டையும் அதன் தலையில் கட்டினால் மூன்று மணி நேரம்கூடத் தாங்காது.

ஏற்கெனவே கையில் டேப்லெட் இருந்தால் அதையே இரண்டாவது திரையாக்குங்கள். ஐபேடும் மேக்கும் வைத்திருப்பவர்களுக்கு ஐபேடை மேக்கின் இரண்டாவது திரையாக்கும் சைட்கார் வசதி 2019 முதல் கூடவே வருகிறது. மற்றவற்றுக்குச் செயலிகள் இருக்கின்றன. கேபிளில் இணையுங்கள். பல விடுதிகளின் வைஃபை ஒரு கருவி இன்னொன்றைப் பார்க்கவே விடாது. நான் அரை மணி நேரம் வரவேற்பு மேசையோடு வாதாடிய பிறகுதான் இது புரிந்தது. பாவம், அந்த ஆள் என்ன செய்வார்.

அகராதி:

சுமைதாங்கி அவர்களே, 10 அங்குல டேப்லெட்டில் இரண்டு பத்தி நூலை வாசித்துப் பாருங்கள், பிறகு பேசலாம். பேட்டரி கணக்கை ஒப்புக்கொள்கிறேன். என் மானிட்டரில் இரண்டு டைப்-சி துளைகள். ஒன்றில் 65 வாட் சார்ஜர், மற்றதில் மடிக்கணினி. தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு மிச்சத்தை மானிட்டரே கடத்துகிறது. 65-ம் வந்து சேராது, ஆனால் எழுத்து வேலைக்குப் போதுமானது வருகிறது. எல்லா மானிட்டரும் இதைச் செய்யாது, வாங்குமுன் கேட்டுக்கொள்ளுங்கள்.

கணக்குப்பிள்ளை:

எல்லோருக்கும் நன்றி. நடுவில் அலுவலகம் எனக்கு வேறு மடிக்கணினி தந்தது, தண்டர்போல்ட் துளையோடு. பழுதுநீக்கி அண்ணன் சொன்னபடி வீட்டிலிருந்த ஐந்து டைப்-சி கேபிள்களையும் வரிசையாகச் சோதித்தேன். நான்கு ஊமை. ஐந்தாவதைச் செருகியதும், வேறு எந்தக் கேபிளும் இல்லாமல் படம் வந்தது, வெளிச்சம் முழுதாக ஏறியும் துடிக்கவில்லை.

போன வாரம் இன்னொரு பாடம். பையில் மானிட்டரின் முகத்தை வெளிப்பக்கமாக வைத்து, மேலே சார்ஜர் கட்டியைத் திணித்திருந்தேன். நல்லவேளை, விரிசல் இல்லை. இடது மூலையில் நெல்மணி அளவு வெளுத்த தழும்பு மட்டும். இப்போது திரை மடிக்கணினியின் மூடியைப் பார்த்தபடி, நடுவில் ஒரு துணியோடு போகிறது. அந்த மூலையில் வங்கி அறிக்கையின் முகவரிப் பகுதிதான் விழும், ஆகவே வேலைக்குப் பாதகமில்லை.

வீட்டில் நகப்பூச்சு சிவப்பில் இல்லை. ஊதாவில் வைத்திருக்கிறேன்.